நோர்வே இருந்த இடத்தில் ஒரு திரைப்படம்



நோர்வே என்றொரு நாடு எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். சற்றுத் தடுமாறக்கூடும். அரெண்டெல் என்ற நாட்டைத் தெரியுமா என்று அடுத்துக் கேளுங்கள். அந்நாட்டு இளவரசியர் இருவரின் பெயர்களையும், அவர்களுடைய பனி மனிதனின் பெயரையும் பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிடும். எமது கடைத்தெருக்களில் தொங்கும் புத்தகப் பைகளிலும் தண்ணீர்ப் போத்தல்களிலும் அந்த இளவரசியரின் முகங்களே இருக்கின்றன.

நோர்வே உண்மையாக உள்ள நாடு. அரெண்டெல் எந்த உலகப் படத்திலும் இல்லாத நாடு. 2013ஆம் ஆண்டு வெளிவந்த 'புரோஸன்' என்ற காட்டூன் திரைப்படத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டது. ஆனால் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஓர் ஏரிக்கரை இருக்கிறது. அங்கே இல்லாத நாடான அரெண்டெல், உள்ள நாடான நோர்வேயின் ஆசனத்தில் போய் அமர்ந்துகொண்டது. அந்த ஏரிக்கரைக்கே இம்முறை உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பிள்ளைகளின் பொழுதுபோக்குப் பற்றிய சிறிய செய்தி போலத் தோன்றினாலும், உலகத்தை நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற பெரிய கேள்வி இதற்குள் இருக்கிறது.

ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகள்

ஒர்லாண்டோ நகருக்கு அருகில் வோல்ட் டிஸ்னி கம்பனி நடத்தும் கேளிக்கைப் பூங்காக்கள் நான்கு உள்ளன. அவற்றுள் ஒன்று எப்கொட். வோல்ட் டிஸ்னி உயிருடன் இருந்தபோது, மக்கள் மெய்யாகவே குடியிருக்கும் எதிர்கால நகரமொன்றை அப்பெயரில் அமைக்கத் திட்டமிட்டார். 1966இல் அவர் மரணமடைந்தபின் நகரத் திட்டம் கைவிடப்பட்டது. 1982 அக்டோபர் 1ஆம் திகதி அப்பெயரில் திறக்கப்பட்டது ஒரு பூங்காவே. அதன் ஒரு பாதி விஞ்ஞானத்துக்கும் மறு பாதி உலக நாடுகளுக்கும் ஒதுக்கப்பட்டது.

அந்த மறு பாதியின் நடுவில் ஓர் ஏரி. அதைச் சுற்றி ஒரு மைலுக்குச் சற்று அதிகமான பாதை. பாதையோரம் மெக்ஸிகோ, நோர்வே, சீனா, ஜேர்மனி, இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான், மொரோக்கோ, பிரான்ஸ், பிரித்தானியா, கனடா என்று பதினொரு நாடுகளின் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. பாதையில் நடந்தால் அரை நாளில் பதினொரு நாட்டுக் கூரைகளைக் கண்டு, அந்நாட்டு உணவைச் சுவைத்து, அந்நாட்டிலிருந்தே வந்து பணிபுரியும் இளைஞர்களோடு பேசலாம்.

இதையும் வியாபாரமல்ல என்று சொல்ல முடியாது. அங்கும் கடை உண்டு; உணவு விடுதி உண்டு. எந்த நாட்டின் கஷ்டமும் அங்கே காட்டப்படுவதில்லை. எனினும் அதன் அடிப்படை எண்ணம் நல்லது: உமக்குத் தெரியாத ஒரு நாட்டை வந்து பாரும் என்பதே அது.

நோர்வேயின் பகுதி 1988இல் சேர்ந்தது. நோர்வே நாட்டுக் கம்பனிகள் அதற்குப் பணம் கொடுத்தன. அரசாங்கமும் துணை நின்றது. வாசலில் பழைய மரத் தேவாலயமொன்றின் மாதிரி. கோல் என்ற ஊரில் மத்திய காலத்தில் கட்டப்பட்டு, இப்போது ஒஸ்லோ நகர நூதனசாலையில் நிற்கும் தேவாலயத்தைப் பார்த்து அமைத்தது அது. உள்ளே 'மெல்ஸ்ட்ரொம்' என்றொரு படகுச் சவாரி. பழங்காலக் கடலோடிகளான வைக்கிங் மக்களின் கிராமம், நோர்வேயின் நாட்டுக் கதைகளில் வரும் பூதங்கள், பின்பக்கமாகச் சரிந்து விழும் நீர்வீழ்ச்சி, புயலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் கடல் மேடை என்று படகு செல்லும். இறுதியில் ஒரு மீனவக் கிராமத்தில் இறங்கி, நோர்வே பற்றிய சில நிமிடப் படமொன்றைப் பார்க்கலாம்.

சிறிய சவாரிதான். பலர் இறுதிப் படத்தைப் பார்க்காமலே கதவைத் திறந்து வெளியேறிவிடுவர். ஆனால் அங்கு போன ஒரு பிள்ளை, குளிர் நாடொன்றில் மனிதர்கள் கடலை நம்பி வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள் என்ற ஒரு செய்தியையாவது பெற்றுக்கொண்டது.

படகு அதுவே, பயணம் வேறு

2013 நவம்பரில் 'புரோஸன்' திரைக்கு வந்தது. உலகெங்கும் 1.2 பில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. அதைத் தயாரித்தவர்கள் நோர்வேயின் மலைகளையும் கடற்கழிகளையும் மரக் கட்டடங்களையும் பார்த்தே அரெண்டெல்லை வரைந்தார்கள். ஆனால் கதையின் மூலம் நோர்வேயுடையதல்ல. டென்மார்க் எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சனின் 'பனி அரசி' கதையைத் தூரத்தில் வைத்துப் பின்னியது அது.

2014 அக்டோபர் 5ஆம் திகதி மெல்ஸ்ட்ரொம் சவாரி மூடப்பட்டது. 2016 ஜூன் 21ஆம் திகதி அதே கட்டடத்தில், அதே நீரோடையில், அதே படகுகளில் 'புரோஸன்' சவாரி திறக்கப்பட்டது. வைக்கிங் மக்களும் கடல் மேடையும் மீனவக் கிராமமும் போயின. இளவரசியரும் பனி மனிதனும் வந்தார்கள். முன்பு நடந்துபோய் ஏறிய படகுக்கு இப்போது நீண்ட வரிசை.

நோர்வே மட்டுமல்ல. மெக்ஸிகோவின் படகுச் சவாரி 2007இல் டொனால்ட் வாத்தின் பழைய படமொன்றுக்கு மாறியது. அதே ஆண்டில் கடல்வாழ் உயிரினங்களின் கூடம் 'நீமோ' என்ற மீனின் பெயரைப் பெற்றது. சக்தி வளம் பற்றி விளக்கிய கூடம் 2017இல் மூடப்பட்டு, 2022இல் மார்வல் கம்பனியின் விண்வெளி வீரர்களுக்குரிய சவாரியாகத் திறக்கப்பட்டது. பிரான்ஸின் பகுதியில் 2021இல் சமையற்கார எலியின் படத்துக்கு ஒரு சவாரி வந்தது. விஞ்ஞானமும் நாடுகளும் இருந்த பூங்காவுக்குள் திரைப்படங்கள் ஒவ்வொன்றாக நுழைந்து இடம் பிடித்தன.

ஏன் இந்த மாற்றம்?

சினிமாவும் பூங்காவும் ஆரம்பத்திலிருந்தே உறவினர்தாம். 1915இல் யுனிவர்ஸல் கம்பனி கலிபோர்னியாவில் தன் படப்பிடிப்புத் தளத்தைத் திறந்தபோதே, 25 சதம் கொடுத்தவர்கள் உள்ளே வந்து பார்க்க அனுமதித்தது. 1955 ஜூலை 17இல் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டபோதும் டிஸ்னியின் படப் பாத்திரங்கள் அங்கே இருந்தன. ஆனால் அப்பூங்காவின் பகுதிகளுக்கு இடப்பட்ட பெயர்களைக் கவனியுங்கள்: சாகச நாடு, எல்லைப்புற நாடு, கற்பனை நாடு, நாளைய நாடு. இவை எண்ணங்களின் பெயர்கள். தனியொரு படத்தின் பெயரல்ல. சாகச நாட்டில் எந்தச் சாகசமும் இடம் பெறலாம். நாளைய நாட்டில் எவருடைய நாளையும் இருக்கலாம்.

அக்காலத்தில் பூங்காவிலிருந்து சினிமாவுக்கும் கதை போயிருக்கிறது. 1967இல் டிஸ்னிலாண்டில் கடற்கொள்ளையர் சவாரி திறக்கப்பட்டபோது அதற்கு முன்னோடியாகப் படம் எதுவும் இல்லை. சித்திரக்காரர்களும் சிற்பிகளும் தம் மனதிலிருந்து படைத்தார்கள். 36 ஆண்டுகள் கழித்து, 2003இல்தான் அச்சவாரியை வைத்து 'பைரட்ஸ் ஒப் த கரீபியன்' படம் எடுக்கப்பட்டது. படம் வெற்றி பெற்றதும் 2006இல் அதன் கதாநாயகனைக் கொண்டுவந்து பழைய சவாரிக்குள்ளும் வைத்தார்கள். தாயின் வீட்டுக்குப் பிள்ளை வந்து உரிமையாளனான கதை அது.

முழுப் பகுதியையும் ஒரே படத்துக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது 2010 ஜூன் 18ஆம் திகதி. அன்று ஒர்லாண்டோவில் யுனிவர்ஸலின் பூங்காவொன்றில் ஹரி பொட்டர் உலகம் திறக்கப்பட்டது. அப்பூங்காவுக்கு 2009இல் சுமார் 4.6 மில்லியன் பேர் வந்ததாகத் துறைசார்ந்தோர் மதிப்பிட்டார்கள். 2011இல் அத்தொகை சுமார் 7.7 மில்லியன். இதைக் கண்ட எந்தப் போட்டியாளர் சும்மா இருப்பார்?

அதன்பின் வரிசையாக வந்தவை பல. 2012இல் கலிபோர்னியாவில் 'கார்ஸ்' படத்துக்கு 12 ஏக்கரில் ஓர் உலகம். 2017இல் புளோரிடாவில் 'அவதார்' படத்தின் பண்டோரா. உயிருள்ள யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் காட்டுவதற்கென்று 1998இல் திறந்த விலங்குப் பூங்காவுக்குள், எங்கும் இல்லாத ஒரு காடு. 2019இல் 'ஸ்டார் வோர்ஸ்' படங்களுக்கு இரண்டு மாநிலங்களிலும் தலா 14 ஏக்கர். 2023இல் ஹொங்கொங்கிலும் 2024இல் டோக்கியோவிலும் அதே அரெண்டெல். 2025 மே 22இல் ஒர்லாண்டோவில் யுனிவர்ஸல் திறந்த புதிய பூங்காவில் ஐந்து பகுதிகள். நடுவிலுள்ள தோட்டப் பகுதி தவிர்ந்த நான்கும் திரைப்படங்களையோ வீடியோ விளையாட்டையோ சார்ந்தவை. அதே ஆண்டு ஜூலை 6ஆம் திகதியுடன் டிஸ்னியின் புளோரிடாப் பூங்காவில் பழைய அமெரிக்க நதியும், அதிலோடிய நீராவிப் படகும், நடுவிலிருந்த தீவும் மூடப்பட்டன. அவ்விடத்துக்கும் 'கார்ஸ்' படமே வரவிருக்கிறது.

இதன் கணக்கைப் புரிந்துகொள்வது கடினமல்ல. புதிய உலகமொன்றை நிர்மாணிக்கப் பெருந்தொகைப் பணம் தேவை. எவரும் கேள்விப்படாத கற்பனைக்கு அதைச் செலவிட்டால் மக்கள் வருவார்களா என்ற அச்சம் இருக்கும். படம் அந்த அச்சத்தை நீக்குகிறது. கோடிக்கணக்கானோர் ஏற்கனவே பார்த்து, விரும்பி, அழுது, சிரித்த இடம் அது. விளம்பரம் முன்னரே முடிந்துவிட்டது. சவாரியிலிருந்து இறங்கியதும் கடை. அங்கே மந்திரக்கோலும், ஒளிவாளும், இளவரசியின் சட்டையும். இதற்காகவே கம்பனிகள் கதைகளைப் புலமைச் சொத்தாக விலைக்கு வாங்குகின்றன. டிஸ்னி 2006இல் 7.4 பில்லியன் டொலருக்குப் பிக்ஸாரையும், 2009இல் சுமார் 4 பில்லியனுக்கு மார்வலையும், 2012இல் அதேயளவு தொகைக்கு ஸ்டார் வோர்ஸை வைத்திருந்த லூக்காஸ் பிலிமையும் வாங்கியது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கதை திரையில் மட்டும் இருந்தால் போதுமா? வயல் வாங்கியவன் இரு போகமும் விதைக்கத்தானே பார்ப்பான்!

மறுபக்க நியாயம்

வாசகர்களே, ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி உங்களை அனுப்பிவிடக் கூடாது. படத்தைச் சார்ந்து கட்டுவதெல்லாம் மட்டமான வேலை என்று நினைத்தால் அது தவறு. ஹரி பொட்டர் உலகத்தில் படத்தின் கலை வடிவமைப்பாளரே பங்கெடுத்தார். அக்கதையின் கிராமத்துக்குள் கொக்கா கோலா விற்கப்படவில்லை; கதையில் வரும் பானங்களே விற்கப்பட்டன. கூரையில் பனி படிந்திருப்பது முதல் கடைப் பலகையின் எழுத்து வரை ஒவ்வொன்றிலும் கவனம் தெரியும். ஒரு புத்தகத்தை நேசித்த பிள்ளைக்கு அதன் தெருவில் நடப்பது சாதாரண மகிழ்ச்சியல்ல.

படத்தின் பெயரை ஒட்டினால் எதுவும் ஓடும் என்பதும் உண்மையல்ல. டிஸ்னி 2022 மார்ச்சில் ஸ்டார் வோர்ஸ் விண்கலம் போன்ற ஹோட்டலொன்றைத் திறந்தது. இருவர் இரண்டு இரவு தங்க ஏறத்தாழ 4,800 டொலரிலிருந்து கட்டணம் ஆரம்பித்தது. 2023 செப்டெம்பர் இறுதியில் அது மூடப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. 'புரோஸன்' படகுக்காக வந்த குடும்பம், வெளியே நிற்கும் மரத் தேவாலயத்துக்குள்ளும் ஒரு முறை எட்டிப் பார்க்கலாம். உள்ளே நோர்வேயின் பழங்காலம் பற்றிய கண்காட்சி வைக்கப்பட்டிருக்கிறது. படம் ஒரு வாசலாக அமைந்தால் நல்லதே. வாசலே வீடாகிவிடுவதுதான் இங்குள்ள ஆபத்து.

மொரோக்கோவின் சுவர்

வாசல் எப்படி வீடாகிறது என்பதைக் காண அதே ஏரிக்கரையில் இன்னும் கொஞ்சம் நடப்போம். ஜப்பானைத் தாண்டியதும் ஒரு மினாரா தெரியும். மராக்கிஷ் நகரின் குதுபிய்யா பள்ளிவாசலின் மினாராவைப் பார்த்து அமைத்தது அது. இப்பகுதி 1984இல் திறக்கப்பட்டது. மொரோக்கோ மன்னர் இரண்டாம் ஹஸன் தம் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பி இதன் வேலைகளைச் செய்வித்தார். நிற ஓடுகளைக் கையால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒன்றோடொன்று பொருத்தி, நட்சத்திரங்களும் கோணங்களுமாகச் சுவரை நிரப்பினார்கள். எங்கும் உயிருள்ள உருவமில்லை. வடிவங்களும் அரபு எழுத்தணியும் மட்டுமே. இஸ்லாமியக் கலையின் அடக்கமும் பொறுமையும் அச்சுவர்களில் இருக்கின்றன. பாஸ் நகரின் வாசல் ஒன்றும் அங்கே நிற்கிறது.

மொரோக்கோ நமக்கு அந்நிய நாடல்ல. அதன் தன்ஜா நகரில் பிறந்த இப்னு பதூதா 1344இல் எமது தீவுக்கு வந்தார். பாவா ஆதம் மலையேறினார். கண்டதையும் கேட்டதையும் சொல்லிவைத்தார். அறியாத நாட்டைப் போய்ப் பார்த்து, அங்குள்ளவரிடம் கேட்டு அறிவது எப்படி என்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் எது?

ஆனால் அந்த ஓட்டுச் சுவர்களின் அருகே இன்று பிள்ளைகள் வரிசையில் நிற்பது வேறொருவரைக் காண. 1992இல் வெளிவந்த டிஸ்னியின் 'அலாவுத்தீன்' படத்து இளவரசி யாஸ்மின் வேடம் பூண்ட பெண்ணோடு படம் பிடித்துக்கொள்ள. யாஸ்மினின் ஊர் மொரோக்கோவில் இல்லை. அது அக்ரபா என்ற கற்பனை நாடு. அலாவுத்தீன் கதையோ, அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் சொல்லக் கேட்டு, அந்துவான் கலான் பிரெஞ்சு மொழியில் எழுதியது. அக்கதையில் அலாவுத்தீன் ஒரு சீனத்துப் பையன்! சீனாவில் நடக்கும் கதையை ஒரு சிரியர் சொல்ல, பிரெஞ்சுக்காரர் எழுத, அமெரிக்கர் படமாக்க, அது மொரோக்கோவின் சுவரடியில் வந்து நிற்கிறது. பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே 'அரபு நாடு'.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். அப்படத்தின் முதற் பாடலில் அரபு மண்ணைக் கொடூரமான இடமாகக் காட்டிய வரியொன்று இருந்தது. அமெரிக்காவிலுள்ள அரபு மக்களின் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததால், 1993இல் வீடியோவாக வெளியிட்டபோது அவ்வரி மாற்றப்பட்டது. அதற்குள் படத்தைத் திரையரங்குகளில் பார்த்தவர்கள் எத்தனை பேர்!

22 ஆண்டுகள் கழிந்தன. 2015 டிசம்பரில் பப்ளிக் பொலிசி போலிங் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் வாக்காளர்களிடம் ஒரு கேள்வி கேட்டது. அக்ரபா மீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா? குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தெரிவில் வாக்களிக்கவிருந்தவர்களில் 30 சதவீதத்தினர் ஆம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியினரிலும் 19 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். காட்டூன் படத்துக்காக வரையப்பட்ட, ஒரு மனிதனும் வாழாத நாட்டின் மீது குண்டு வீச இத்தனை பேர் தயார்! பெயர் அரபுப் பெயர் போல ஒலித்தது, அதுவே போதுமாயிற்று.

இதைப் பூங்காவின் குற்றமென்று நான் சொல்லவில்லை. படகில் ஏறிய பிள்ளை குண்டு வீசப் போவதுமில்லை. ஆனால் உண்மையான நாட்டின் முகத்தைக் காட்டும் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கற்பனை நாட்டின் முகம் அவ்விடத்தில் ஏறும்போது, மனிதர் மனதிலுள்ள உலகப் படமும் மெல்ல மெல்ல மாறுகிறது என்பதை இது காட்டவில்லையா? நோர்வே செல்வமும் செல்வாக்குமுள்ள நாடு; அரெண்டெல்லோடு அதைக் குழப்பிக்கொண்டாலும் அதற்குப் பெரிய தீங்கில்லை. சொல்லப்போனால் உல்லாசப் பயணிகள் கூடுதலாகப் போவார்கள். மொரோக்கோவையும் சிரியாவையும் ஈராக்கையும் அக்ரபாவோடு குழப்பிக்கொண்டால் விளைவு அவ்வாறில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எமது பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் ஒர்லாண்டோவுக்குப் போகப் போவதில்லை. ஆனால் அந்த உலகங்கள் திரை வழியாகவும், உடுப்பு வழியாகவும், பென்சில் பெட்டி வழியாகவும் எமது வீடுகளுக்குள் வந்துவிட்டன. அவற்றைப் பிடுங்கி எறிவது வழியல்ல. பிடுங்கிய பொருளின் மீது ஆசை இரட்டிக்கும் என்பது பிள்ளை வளர்த்தவர் யாவரும் அறிந்ததே.

பிள்ளை காட்டும் படத்தைப் பிடித்துக்கொண்டே அதன் பின்னாலுள்ள மண்ணுக்குப் போவது நல்லது. அரெண்டெல்லின் மலையை ரசிக்கும் பிள்ளைக்கு நோர்வேயின் கடற்கழிகளின் நிழற்படத்தைக் காட்டுங்கள். குளிர்காலத்தில் அங்கே எத்தனை மணிக்கு இருட்டும் என்று தேடச் சொல்லுங்கள். யாஸ்மினைத் தெரிந்த பெண் பிள்ளைக்குப் பாத்திமா அல்பிஹ்ரியைப் பற்றிச் சொல்லுங்கள். பாஸ் நகரில் 859இல் கரவிய்யீன் பள்ளிவாசலை நிறுவியவர் என்று போற்றப்படும் பெண்மணி அவர். பின்னர் அது உலகப் புகழ்பெற்ற கல்விக்கூடமாயிற்று. சாகசம் கேட்கும் பையனுக்கு இப்னு பதூதாவைக் கொடுங்கள். அவர் கடந்த பாலைவனங்களும் கடல்களும் எந்தக் கம்பனியின் புலமைச் சொத்துமல்ல. அவற்றைச் சொல்லிக் கொடுக்க எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

படத்தில் கண்டதைக் கட்டிய இடத்துக்குப் போகிறவன், தான் ஏற்கனவே அறிந்ததைப் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். அறியாத இடத்துக்குப் போகிறவனோ கேள்விகளோடு திரும்புகிறான். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சியும் வேண்டும், கேள்வியும் வேண்டும். முதலாவதைக் கொடுக்க உலகின் பெரிய கம்பனிகள் பில்லியன் கணக்கில் செலவிட்டுக்கொண்டிருக்கின்றன. இரண்டாவதைக் கொடுக்கும் பொறுப்பு வீட்டிலுள்ள உம்மாவுக்கும் வாப்பாவுக்குமே உரியது. அதற்கு ஓர் உலகப் படமும், இரவுச் சாப்பாட்டின் பின் அரை மணி நேரமும் போதும்.